மீதி எங்கே போனது? கோலிக்குண்டு, கெட்டில், வேர்க்கடலை

மின் கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்தால் அந்த மூட்டைக்கு ஏறும் ஆற்றல் 245 ஜூல்தான். ஒரு யூனிட் மின்சாரத்தைச் சிந்தாமல் சிதறாமல் இந்த ஒரே வேலைக்குத் திருப்ப முடிந்தால் மூட்டையை ஏறத்தாழ 14,700 முறை தூக்கலாம். எட்டாம் வகுப்பு மாணவரை இந்தக் கணக்கைப் போட வைத்துவிட்டு, "அப்படியானால் நம் வீட்டில் அந்த ஆற்றலெல்லாம் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். இயற்பியல் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற வரி எல்லா மாணவருக்கும் மனப்பாடம். ஆனால் அதை வரவு செலவுக் கணக்காகப் பார்க்கப் பழகியவர்கள் குறைவு. இவ்வளவு வந்தது, இவ்வளவு கையில் இருக்கிறது, மீதி எங்கே? சோதனையில் விடை சரியாக வராதபோது பல வகுப்புகளில் "சோதனைப் பிழை" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அந்த மீதியைத் தேடிப் போவதுதான் ஆற்றல் பாடத்தின் உயிர். கீழே உள்ள நான்கு சோதனைகளுக்கும் வேண்டியவை பெரும்பாலும் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

முதலில் கோலிக்குண்டு. வயரிங் வேலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் கேசிங்கில் ஒரு மீட்டர் துண்டு எடுத்துச் சாய்வுப் பாதையாக்குங்கள். அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு காகித அட்டையை வளைத்து ஒட்டவும். இல்லாவிட்டால் குண்டு தரையில் முட்டித் துள்ளும். பாதி ஆற்றல் அந்தத் துள்ளலிலேயே போய்விடும். காகிதக் கப் ஒன்றின் வாயோரத்தில் குண்டு நுழையும் அளவுக்கு வெட்டி, அதைக் கவிழ்த்துப் பாதையின் முன்னால் வையுங்கள். குண்டு உள்ளே புகுந்து கப்பைத் தள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு தூரம் தள்ளியது என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்.

10 செ.மீ. உயரத்திலிருந்து ஐந்து முறை, 40 செ.மீ. உயரத்திலிருந்து ஐந்து முறை விடுங்கள். உயரம் என்றால் தரையிலிருந்து செங்குத்தாக அளக்கும் உயரம். பலர் பாதையின் நீளத்தை அளந்துவிட்டுக் குழம்புவார்கள். ஐந்து அளவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளவும். பிறகு கப்பை எடுத்துவிட்டு, சமதரையில் ஒரு மீட்டருக்குக் கோடு போட்டு, குண்டு அதைக் கடப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். ஸ்டாப்வாட்ச் இங்கே உதவாது. கடக்க ஆகும் நேரமே ஒரு நொடிக்கும் குறைவு. நொடிக்கு 30 படம் எடுக்கும் கைப்பேசியில், 10 செ.மீ. உயரத்திலிருந்து வந்த குண்டு ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 25 படங்கள் ஆகும், 40 செ.மீ. என்றால் சுமார் 13. அதாவது வேகம் இரண்டு மடங்கு. ஆனால் கப் நகர்ந்த தூரம் நான்கு மடங்கை ஒட்டி இருக்கும்.

இயக்க ஆற்றல், அதாவது நகரும் பொருளிடம் உள்ள ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை மாணவர் கண்ணால் பார்க்கும் இடம் இது. 1720களில் நெதர்லாந்தின் இயற்பியலாளர் ஸ்க்ராவெசாண்டெ பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டு, பதிந்த பள்ளங்களிலிருந்து இதையே கண்டார். பிரான்சின் அறிஞர் எமிலி து ஷாத்லே அந்தச் சோதனையின் பொருளை விளக்கி எழுதி, கணக்கில் எடுக்க வேண்டியது வேகத்தையா, அதன் வர்க்கத்தையா என்று அறிஞர்களிடையே நெடுநாள் நடந்த வாதத்தில் அதை முன்வைத்தார். பைக்கில் 30 கி.மீ. வேகத்திலிருந்து 60க்குப் போனால், பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. இதை லைசென்ஸ் எடுக்கும் வயதுக்கு முன்பே உணர்ந்துவிடுவது நல்லது.

கேசிங்கின் தட்டையான அடியில் உருளும் குண்டின் மொத்த இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சியிலேயே இருக்கும். நேராக விழும் குண்டுக்கான சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கும் மாணவர் "வேகம் குறைகிறதே" என்று கேட்பார். கேட்டால் மகிழுங்கள், கணக்கில் விட்டுப்போன செலவைப் பிடித்துவிட்டார் என்று பொருள்.

கப் நின்ற பிறகு ஆற்றல் எங்கே? தரையும் கப்பும் சூடாகியிருக்கும். ஆனால் அந்தச் சூடு தெர்மாமீட்டரில் தெரியாத அளவு சிறியது. தெரிகிற அளவுக்கு அதைச் சேர்க்க வேண்டும். ஒன்றேகால் இன்ச் பிவிசி பைப் ஒரு மீட்டர், இரண்டு எண்ட் கேப், சைக்கிள் கடையில் கிடைக்கும் எஃகு பால்ஸ் அரை கிலோ. பால்ஸைத் தெர்மாகோல் கப்பில் கொட்டி, சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டரின் கம்பியை நடுவில் செருகி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது. அறை வெப்பநிலையை அது காட்டாது. பால்ஸைப் பைப்பில் போட்டு மூடி, செங்குத்தாகப் பிடித்து, தலைகீழாக 100 முறை சட்சட்டென்று கவிழ்க்க வேண்டும். உடனே திரும்பக் கப்பில் கொட்டி அளக்கவும்.

பால்ஸ் அடியில் சுமார் 13 செ.மீ. அடைத்துக்கொள்வதால் விழும் உயரம் ஒரு மீட்டர் இல்லை, 87 செ.மீ.தான். எஃகின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோ எஃகை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் ஆற்றல், சுமார் 460 ஜூல். கணக்குப்படி சுமார் 1.85 டிகிரி ஏற வேண்டும். 1 முதல் 1.5 வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். மீதி பைப்பின் சுவருக்கும் கேப்புக்கும் போயிற்று. 2 டிகிரிக்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். அநேகமாக, பால்ஸ் கிடக்கும் முனையில் கையை வைத்துப் பிடித்திருப்பீர்கள். ஏறியது உங்கள் உள்ளங்கைச் சூடு. பைப்பை நடுவில், துணி சுற்றிப் பிடிக்க வேண்டும்.

இதே சோதனையை ஒரு கிலோ பால்ஸ் போட்டுச் செய்தால் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பெரும்பாலோர் இரண்டு மடங்கு என்பார்கள். ஆற்றல் இரண்டு மடங்குதான், ஆனால் சூடாக வேண்டிய எஃகும் இரண்டு மடங்கு. ஏற்றம் பெரிதாக மாறாது. வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பது இங்கே பதிந்துவிடும். ஜேம்ஸ் ஜூல் 1840களில் எடைகளை இறக்கி, அவற்றால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி அளந்ததும் இப்படி ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றங்களைத்தான்.

அடுத்தது கெட்டில். வீட்டு மின்மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால் ஒரு மினுக்கு 1125 ஜூல். ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டரைப் பலர் மறந்துவிடுவார்கள். அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தால் கணக்கே கெடும். விளக்கு மினுக்குவது நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கவும்.

கெட்டிலில் சரியாக ஒரு லிட்டர் நீர். வெப்பநிலையைக் குறித்துவிட்டுச் சுவிட்ச் போட்டு, 200 மினுக்கு எண்ணி அணைக்கவும். கெட்டிலை அடித்தட்டிலிருந்து எடுத்த பிறகே நீரைக் கலக்கித் தெர்மாமீட்டரை விட வேண்டும். ஓடும் கெட்டிலுக்குள் உலோகக் கம்பியை விடவே கூடாது. 200 மினுக்கு என்றால் 2,25,000 ஜூல் வந்திருக்கிறது. நீர் 30 டிகிரியிலிருந்து 78க்கு ஏறியிருந்தால் அதில் சேர்ந்தது ஏறத்தாழ 2,01,000 ஜூல். மீதி 24,000. கெட்டிலின் எஃகு உடல் 400 கிராம் என்றால் அது மட்டுமே பத்தாயிரம் ஜூலை ஒட்டி எடுத்திருக்கும். எஞ்சியது காற்றுக்கும் ஆவிக்கும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1500 வாட் என்று எழுதியிருக்கும் கெட்டிலுக்கு 200 மினுக்கு 150 நொடியில் வர வேண்டும். மாலையில் 198 நொடி ஆகிறதா? கெட்டில் மேல் பழி போட வேண்டாம். வோல்டேஜ் 230லிருந்து 200க்கு இறங்கினால் திறன் அதன் வர்க்க விகிதத்தில், அதாவது 1135 வாட் அளவுக்கு, விழும். எழுதியிருக்கும் வாட்டை நம்பிப் பெருக்கிய மாணவருக்குத் தவறான விடையும், மினுக்கை எண்ணியவருக்குச் சரியான விடையும் வரும்.

கடைசியாக வேர்க்கடலை. ஒவ்வாமை உள்ளவர் யாராவது இருந்தால் கொப்பரைத் துண்டை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி, கட்டிய முடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், திறந்த ஜன்னல். வறுத்த பருப்பு ஒன்றை நகைக்கடைத் தராசு போன்ற 0.01 கிராம் துல்லியமுள்ள சிறு தராசில் நிறுத்து, களிமண்ணில் நட்ட ஊக்கில் குத்துங்கள். பச்சைப் பருப்பு வேண்டாம்; அதிலுள்ள ஈரம் காயவே தீ செலவாகும். காலியான குளிர்பான அலுமினிய டின்னில் 50 மி.லி. நீர் ஊற்றிப் பருப்புக்கு இரண்டு செ.மீ. மேலே தொங்கவிடவும். பற்ற வைக்கும்போது மட்டும் பருப்பைத் தள்ளி வைத்து மெழுகுவர்த்தியால் பற்றவைத்து, தீ நின்று எரிந்ததும் டின்னுக்கு அடியில் கொண்டுவர வேண்டும். மெழுகுவர்த்தியின் சூடு கடலையின் கணக்கில் ஏறக்கூடாது.

எரிந்தது 0.52 கிராம், நீர் ஏறியது 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நீருக்கு வந்தது 3,150 ஜூல். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 567 கிலோகலோரி என்பதால் 0.52 கிராமில் இருந்தது 12,300 ஜூல். கால் பங்குதான் நீருக்கு வந்தது! மீதியைத் தேட டின்னின் அடியைத் தொட்டுப் பாருங்கள்: விரலில் கரி ஒட்டும். அது எரியாமல் தப்பிய கார்பன், இன்னும் செலவாகாத ஆற்றல். பெரும்பகுதி பக்கவாட்டில் காற்றோடு போயிற்று. அலுமினியத் தாளைச் சுற்றி மறைப்பாக்கி, அடியில் காற்றுக்குத் துளைகள் விட்டு மறுபடி எரித்தால் ஏற்றம் கூடும். துளையே விடாமல் மூடினால் தீ புகைந்து கரி அதிகமாகும், ஏற்றம் குறையும். எத்தனை துளை, எவ்வளவு உயரம் என்று மாற்றி மாற்றிப் பார்க்க மாணவரிடம் விட்டுவிடுங்கள். விறகடுப்புக்கும் இதே கேள்விகள்தான்.