குடியை விட்ட முதல் ஐந்து நாட்கள்: ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வாக்குத்தத்த வசனத்தைக் கையில் வாங்கும்போதே பலர் ஒரு தீர்மானம் எடுக்கிறார்கள்: "இனிமேல் தொடமாட்டேன் ஆண்டவரே." தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலும் இதைப் பார்க்கலாம். தூத்துக்குடிப் பக்கம் குடிநோய் ஆலோசகராக வேலை செய்யும் நான் இந்தத் தீர்மானங்களைப் பெரிதும் மதிக்கிறேன். மனைவியின் நகை, பிள்ளையின் படிப்பு, படகில் இருந்த பங்கு என்று எல்லாம் போன பிறகு ஒருவர் முழங்காலில் நின்று புதிதாக ஆரம்பிக்க நினைப்பது சாதாரண விஷயமில்லை. அந்த மனதை வரவழைக்கத்தான் நாங்கள் வாரக்கணக்கில் பேசுகிறோம்.

ஆனாலும் ஜனவரி முதல் வாரம் வந்தால் எனக்குப் பயம்தான்.

பல வருடம் தினமும் குடித்தவரின் மூளை, சாராயம் தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் மந்தம் போய்விடும், முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இடமும் நேரமும் குழம்பிவிடும். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆளின் குரல் கேட்கும், காய்ச்சலும் படபடப்பும் சேரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

இந்த நிலையைப் பிசாசின் வேலை என்று நினைத்து, ஆளைக் கட்டிப்போட்டு உபவாச ஜெபத்தில் வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அன்பினால்தான் செய்தார்கள். அந்த மனிதருக்கு அப்போது வேண்டியதோ ஆஸ்பத்திரிப் படுக்கை. மூளையின் முடுக்கத்தைத் தணிக்கும் லோராசெபாம், டயஸெபாம் போன்ற மருந்தைத் தேவையான அளவில் தொடங்கி, மருத்துவர் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார். இதை மெடிக்கல் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் முக்கியம். சாப்பிடாமல் குடித்தே கிடந்த உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக் கூட்டிவரும் பழக்கம் நம் ஊர்களில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

காலையில் நடுக்கம் நிற்பதற்கே குடிக்க வேண்டியிருப்பவரும், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவரும் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய பிறகு வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

"மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா?" என்று கேட்பவர்களிடம் நான் 1 இராஜாக்கள் 19-ஐத் திறக்கச் சொல்வேன். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் தருகிறான், மறுபடி தூங்க விடுகிறான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அப்புறம்தான் ஓரேப் மலைக்கு 40 நாள் பயணம், புதிய வேலை எல்லாம். உடம்பைத் தேற்றிய பிறகே அவருக்கு அடுத்த வேலை கொடுக்கப்படுகிறது.

முதல் வாரம் தாண்டியதும் சபை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கிறிஸ்தவ நிறுவனமான வேலூர் சி.எம்.சி. 1957-ல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோதே, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கொண்டுவந்தது. குடியிலிருந்து மீள்பவருக்கும் அப்படி உடன் இருப்பவர்கள் தேவை. சம்பள நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பேசும் ஒரு சபையார், கல்யாண வீட்டில் அவரைத் தனியாக விடாத ஒரு நண்பர் இருந்தாலே பெரிய காரியம்.

இன்னொன்று, போதகர்களிடம் வருந்திக் கேட்டுக்கொள்வது. குடியை விட்ட சில வாரங்களிலேயே அவரை மேடையேற்றி சாட்சி சொல்ல வைக்காதீர்கள். அதன் பிறகு ஒரு நாள் சறுக்கினால், சொல்ல வெட்கப்பட்டு மறைப்பார், ஆராதனைக்கு வருவதையும் நிறுத்துவார். குடிநோயில் சறுக்கல் அடிக்கடி வருவதுதான். சறுக்கிய அன்றே உண்மையைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் சிகிச்சையை உடனே தொடரலாம்.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிடுபவர், நற்கருணையில் திராட்சரசம் எடுப்பதற்கு முன் மருத்துவரிடமும் குருவானவரிடமும் பேசிவிட வேண்டும். ஆல்கஹால் கொஞ்சம் சேர்ந்தாலும் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரலாம். கத்தோலிக்க ஆலயத்தில் அப்பத்தை மட்டும் வாங்கினாலே நற்கருணை முழுமையானது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவிலும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. போகும்போது உங்கள் போதகரையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.