தெம்புக்காகக் கெட்டியாகக் கலக்காதீர்கள்

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கெட்டியாகக் கலந்து புகட்டியதால், இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது குழந்தை இது. அதனால்தான் கிளினிக்கை மூடிய கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. "குடுக்கக் குடுக்கக் குடிக்குது டாக்டரம்மா, ஆனா அழுகை மட்டும் நிக்க மாட்டேங்குது" என்றார் பாட்டி. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். பிசைந்து வைத்த மைதா மாவைத் தொட்டது போல இருந்தது. நீர் வற்றிய குழந்தையின் தோல் சாதாரணமாக அப்படி இருக்காது. உப்பு ஏறிய குழந்தையின் தோல்தான் அப்படி இருக்கும்.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஓ.ஆர்.எஸ்., அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி. அதன் பெரிய பாக்கெட் முழுவதையும் பாட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டியிருக்கிறார். அது போதாதென்று, போனில் பார்த்த 'வீட்டு எனர்ஜி டிரிங்க்' வேறு: எலுமிச்சை, தேன், ஒரு ஸ்பூன் உப்பு. "புள்ள துவண்டு கெடக்கு, தெம்பு வரட்டும்னுதான் கெட்டியாக் கலந்தேன்." ரத்தத்தில் சோடியம் 166. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஏறிய உப்பை அவசரப்பட்டு இறக்கினால் மூளை வீங்கும். இரண்டு நாளாவது நிதானமாக இறக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் எங்கள் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

பாட்டியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. படித்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கெட்டியாகக் கலந்தால் கூடுதல் சத்து என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாலும் பருப்பும் கெட்டியாக இருந்தால் நல்லதுதான். உப்பு, சர்க்கரைக் கரைசலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் என்ன ஆகிறது? காலையில் பார்த்தால் ஜாடியில் நீர் விட்டிருக்கும், துண்டுகள் சுருங்கியிருக்கும். அந்த நீரை நாம் ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்ததை உப்பு வெளியே இழுத்தது. கெட்டியான கரைசல் குழந்தையின் குடலுக்குள் போனாலும் இதேதான் நடக்கும். உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உப்பு ரத்தத்தில் ஏற ஏற, குழந்தைக்குத் தாகம் வெறி பிடித்தது போல வரும். "ஆசையாகக் குடிக்கிறதே" என்று நாம் அதே உப்புத் தண்ணீரை இன்னும் புகட்டுவோம். தயவுசெய்து இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

சர்க்கரையும் தெம்புக்காகச் சேர்ப்பதல்ல. உப்பையும் தண்ணீரையும் குடல் உறிஞ்சிக்கொள்ளத் துணைக்குப் போவது அது. ஆகவே அதை விட்டுவிடவும் கூடாது, வாரிக் கொட்டவும் கூடாது. 1971-ல் வங்காள எல்லையில் பாங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் எடை போட்டுப் பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே வந்தது. பொட்டலத்தில் இருந்ததெல்லாம் சாதாரணச் சரக்குதான். அளவு சரியாக இருந்ததால் உயிர்கள் மிஞ்சின.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 200 மில்லிக்கு. எது என்று பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும், படியுங்கள். பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. எல்லாம் தலைதட்டி, குவித்து அல்ல. கல் உப்பு வேண்டாம், ஸ்பூனில் அதன் அளவு நிற்காது. தேனும் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூட வைக்கக் கூடாது.

"ஒரு லிட்டரை எதில் அளப்பது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, நல்ல தடை. ஆனால் வீட்டில் லிட்டர் அளவு தெரிந்த பாத்திரமே இல்லாமல் போய்விட்டது. ஒரு வழி சொல்கிறேன். நாளைக் காலை ஆவின் பால் வாங்கும்போது அரை லிட்டர் பாக்கெட் இரண்டை நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். பால் நிற்கும் மட்டத்தில் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். இனி அந்தக் கீறல்தான் உங்கள் லிட்டர்.

மலையில் இன்னொரு தப்பு நடக்கிறது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கலந்த கரைசலை அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறார்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். காலையில் சரியாகக் கலந்தது சாயங்காலம் கெட்டியாகிவிடும். தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு அளந்து, அப்புறம் கலக்குங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆகவே கொதி வந்த பின் மூன்று நிமிடம் விடுங்கள். குழந்தைக்கு வெதுவெதுப்பாக வேண்டுமென்றால் டம்ளரை வெந்நீர்க் கிண்ணத்தில் வையுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக (ஜிங்க்) மாத்திரை எழுதிக் கொடுத்தால் சொன்ன அத்தனை நாளும் கொடுங்கள், போக்கு நின்றதும் மூட்டை கட்டாதீர்கள்.

கடையில் டெட்ரா பேக்கில் விற்ற இனிப்புப் பானங்களையும் ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கினோம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானம் எதிலும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது. பழைய சரக்கு எங்காவது கிடந்தால் ஏமாறாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொளுந்து பறிக்கும் அக்காமார்கள் குளிரில் தாகம் தெரியாமல் சாயங்காலம் வரை வெறும் தேத்தண்ணியில் ஓட்டிவிட்டு, தலை சுற்றி விழுந்து வருகிறார்கள். உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சித்தண்ணியோ ஒரு தூக்கில் கொண்டு போங்கள்; அதைவிட நல்ல எனர்ஜி டிரிங்க் இல்லை. மலையேறும் பையன்கள் டிகாக்‌ஷனும் குளுக்கோஸும் உப்பும் கலந்து குடித்துவிட்டு நெஞ்சு படபடக்க வந்து நிற்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் இளநீரைக்கூட எங்களைக் கேட்காமல் தொடாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தக்கொதிப்பு இருந்தால் உப்புக் கரைசலை அன்றாடப் பானமாக ஆக்காதீர்கள்.

குழந்தைக்கு ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மலத்தில் ரத்தம், கண் சொருகுகிறது, எதையும் குடிக்க மறுக்கிறது, அல்லது எவ்வளவு குடித்தும் தாகம் அடங்காமல் வீறிடுகிறது என்றால், பனிமூட்டம், ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பி வந்துவிடுங்கள். வரும்போது கரைசல் கலந்த பாத்திரத்தையும் ஸ்பூனையும் மிச்சமிருக்கும் கரைசலையும் கையோடு எடுத்து வாருங்கள். யாரும் திட்ட மாட்டோம். என்ன அளவில் உள்ளே போனது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.