சீமுர்கின் கூட்டில் ஒரு கைக்குழந்தை

பாறைதான் தொட்டில், மண்தான் செவிலி, உடம்பில் துணியில்லை, உதட்டில் பால் பட்டதில்லை. பாரசீகக் கவிஞர் ஃபிர்தவ்சி 1010இல் எழுதி முடித்த ஷாநாமா காவியத்தில், மலையில் வீசப்பட்ட ஜால் என்ற குழந்தை இப்படித்தான் கிடக்கிறான். தகப்பன் சாம் பெரிய வீரன். நரைத்த தலையோடு பிள்ளை பிறந்ததை ஊரார் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற அவமானம் அவனைத் தின்றது. குழந்தையைக் கொண்டுபோய் மலையில் போட்டுவிடச் சொன்னான். ஜால் என்ற பெயருக்கே கிழவன் என்றுதான் பொருள். அவனை எடுத்து வளர்க்கிறது சீமுர்க் என்ற மாயப்பறவை.

கொன்று தின்னும் பறவை ஒரு குழந்தையை எப்படி வளர்க்கும் என்பதுதான் கேட்பவர் எல்லோருக்கும் முதலில் தோன்றும் சந்தேகம். அந்தப் பகுதி இயற்கையில் நடக்கக்கூடியதுதான். சாதாரணமாகத் தெரிகிற இன்னொரு பகுதிதான் நடக்கவே முடியாதது. அது சாப்பாடு.

முதலில் அந்த நரைமுடியைப் பார்த்துவிடலாம். ஜாலுக்கு அல்பினிசம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். மெலனின் என்ற நிறமி உடம்பில் சரியாக உருவாகாத பிறவி நிலை அது. உலகளவில் சுமார் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. ஆனால் மெலனின் குறைந்தால் தலைமுடி மட்டும் வெளுக்காது. புருவமும் இமைமயிரும் வெளிறும், கருவிழி நீலமாகவோ சாம்பலாகவோ தெரியும், விழித்திரையின் நடுக்குழி சரியாக வளராமல் பார்வை மங்கும், கண் ஓயாமல் ஆடும். ஷாநாமாவின் ஜாலுக்கோ இமைமயிர் கருப்பு, கண் கீல் போன்ற கருப்பு, கன்னம் இரத்தச் சிவப்பு. வளர்ந்தபின் பறக்கும் நீர்ப்பறவையை அம்பால் வீழ்த்துகிறான். இது அல்பினிசத்தோடு பொருந்தவில்லை. தலைமுடி ஒன்றுதான் குறை என்கிறது கவிதை. அந்தக் கூற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

அடுத்தது குளிர். பிறந்த குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்கு நடுங்கிச் சூடேற்றத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கும். துணியில்லாத குழந்தை சிரமமில்லாமல் இருக்க, சுற்றிலும் 32 முதல் 34 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளிர்ந்த பாறையோ முதுகு வழியாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரலில் சேமித்த சர்க்கரை அரை நாள் தாங்கினாலே அதிகம். அது தீர்ந்ததும் அழுகை மெலியும், கைகால் சில்லிடும், உறிஞ்சும் தெம்பே போய்விடும். குழந்தை அழும் அந்தச் சில மணி நேரத்துக்குள் சீமுர்க் வந்திருக்க வேண்டும். வந்து இறகுக்குள் அணைத்துவிட்டால் குளிர்ப் பிரச்சினை தீர்ந்தது. பறவைகளின் உடல்வெப்பம் சுமார் 40 பாகை.

தூக்கிக்கொண்டு பறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதை நடக்கும் அல்போர்ஸ் மலையில் வாழும் பொன்னிறக் கழுகின் எடை 3 முதல் 6.5 கிலோ. தன் எடையில் பாதியைச் சுமப்பதே அதற்குப் பெரும்பாடு. 3 கிலோக் குழந்தையை அது மேல்நோக்கித் தூக்கிப் போக முடியாது. பறவையைப் பெரிதாக்கினாலும் கணக்கு உதவாது: நீளத்தை இரண்டு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு.

இனி தத்தெடுப்புக்கு வருவோம். கவிதையில் நிகழ்வுகள் வரும் வரிசையைக் கவனியுங்கள். குஞ்சுகள் பசியில் கத்துகின்றன. சீமுர்க் இரை தேடிக் கிளம்புகிறது. கீழே அழும் குழந்தையைப் பார்க்கிறது. இறங்கி, நகத்தால் பற்றி, குஞ்சுகளுக்குத் தீனியாகக் கூட்டுக்குக் கொண்டுபோகிறது. இரக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கடவுள் அதன் நெஞ்சில் அன்பை வைத்தார், தின்னும் நினைப்பே போயிற்று என்கிறார் ஃபிர்தவ்சி.

2017இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சிட்னி என்ற ஊரில், வெண்தலைக் கழுகின் கூட்டில் ஒரு செவ்வால் பருந்தின் குஞ்சு வளர்ந்தது. இந்தப் பருந்துக் குஞ்சு கழுகுக்கு இரையாகக்கூடியது. தீனியாகத் தூக்கி வந்த குஞ்சு உயிரோடு கூட்டுக்குள் விழுந்து, வாயைப் பிளந்து இரை கேட்டிருக்க வேண்டும் என்பதே பறவையியலாளர்கள் தரும் விளக்கம். கேட்டதும் கழுகு ஊட்டிவிட்டது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய கழுகுக் குஞ்சுகளோடு அந்தப் பருந்து வளர்ந்து, சிறகு முளைத்துப் பறந்தது.

காரணம் இதுதான். வேட்டைப் பறவைகள் தங்கள் குஞ்சை முகம் பார்த்து அடையாளம் காண்பதில்லை. என் கூட்டுக்குள் இருக்கிறது, அசைகிறது, கத்துகிறது, வாயைத் திறக்கிறது: இவ்வளவு போதும், ஊட்டும் செயல் தானாகத் தொடங்கிவிடும். அதே குஞ்சு கூட்டுக்கு வெளியே இருந்தால் அது இரை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது கூட்டின் விளிம்பு மட்டும். வரும் வழியிலேயே கழுகு கழுத்தைக் கொத்தியிருந்தால் அவ்வளவுதான். பெரும்பாலும் அதுதான் நடக்கும். இரை உயிரோடு கூட்டை அடைவது அபூர்வம், அடைந்தாலும் மூத்த குஞ்சுகளே கொத்திக் கொன்றுவிடலாம். சிட்னியில் எல்லாம் சாதகமாக அமைந்தது. ஃபிர்தவ்சியின் வரிசையும் இதேதான்: பசித்த குஞ்சுகள், வேட்டை, உயிரோடு வந்த இரை, கூட்டுக்குள் அழுகை.

சரி, எதை ஊட்டுவது? இரையில் மிக மிருதுவானதைத் தேர்ந்து சீமுர்க் கொடுத்தது, பாலில்லாத அந்த விருந்தாளி இரத்தத்தை உறிஞ்சிக் குடித்தான் என்கிறது கவிதை. உறிஞ்சினான் என்ற சொல் மிகப் பொருத்தமானது. ஆறு மாதம் வரை குழந்தையின் நாக்கு கெட்டியான எதையும் வெளியே தள்ளும். இறைச்சித் துண்டு உள்ளே போகாது, போனால் மூச்சுக்குழலை அடைக்கும். உறிஞ்சுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆனால் இரத்தத்தில் உயிர் வாழ முடியுமா?

3 கிலோக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 450 மில்லி தாய்ப்பால் வேண்டும். அதில் புரதம் 5 கிராம் அளவு, பால்சர்க்கரை 30 கிராமுக்கு மேல், கொழுப்பு 16 கிராம் போல. அதே 450 மில்லி இரத்தத்தில் புரதம் ஏறத்தாழ 85 கிராம். சர்க்கரையும் கொழுப்பும் இல்லையென்றே சொல்லலாம். வளர்ச்சிக்கு எடுத்துக்கொண்டது போக 80 கிராம் புரதத்தை உடல் எரித்தாக வேண்டும். ஒரு கிராம் புரதம் எரிந்தால் மூன்றில் ஒரு பங்கு கிராம் யூரியா வரும். ஆக மொத்தம் 27 கிராம் யூரியா. பெரியவர்களின் சிறுநீரகம் சிறுநீரை லிட்டருக்கு 1,200 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களை எண்ணும் அளவு) வரை செறிவாக்கும். பிறந்த குழந்தையுடையது 600ஐத் தாண்டத் திணறும். அந்தச் செறிவில் 27 கிராம் யூரியாவை வெளியேற்ற முக்கால் லிட்டர் சிறுநீர் வேண்டும். குடித்த இரத்தத்தில் இருந்த தண்ணீரோ வெறும் 360 மில்லி. மீதித் தண்ணீர் குழந்தையின் உடம்பிலிருந்தே போகும். உச்சிக்குழி உள்வாங்கும், தோல் சுருங்கும், இரத்தத்தில் உப்பும் யூரியாவும் ஏறும், வலிப்பு வரும். சில நாளில் முடிந்துவிடும். போதாததற்கு, அந்த இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. அதே அளவு தாய்ப்பாலில் கால் மில்லிகிராமுக்கும் குறைவு.

எதுவும் குறையாமல் கிடைக்கிறது என்பதற்குப் பாரசீகத்தில் ஒரு வழக்கு உண்டு: பறவைப்பால் முதல் மனித உயிர் வரை எல்லாம் கிடைக்கும். கிடைக்கவே கிடைக்காத பொருளுக்கு உதாரணமாகப் பறவைப்பாலைச் சொல்கிறார்கள். உண்மையில் அது இருக்கிறது. முட்டை பொரிவதற்கு ஓரிரு நாள் முன்பு, புரோலாக்டின் ஹார்மோன் ஏறி, புறாவின் தீனிப்பைச் சுவர் தடித்து, கொழுப்பு நிறைந்த செல்கள் தயிர்க்கட்டி போல உதிரும். ஆண், பெண் இரண்டுமே முதல் சில நாட்கள் அதைத்தான் குஞ்சின் வாய்க்குள் கக்கும். பூநாரைக்கும் பேரரசப் பெங்குவினுக்கும் இதுபோல உண்டு, கழுகினத்துக்கு இல்லை. இருந்தாலும் பயனில்லை. புறாப்பாலில் பால்சர்க்கரையே கிடையாது.

ஷாநாமாவில் பால் கொடுத்து வளர்க்கும் விலங்கும் இருக்கிறது. கொடுங்கோலன் சஹ்ஹாக்கின் ஆட்கள், பின்னாளில் அரசனாகும் ஃபரீதூனின் தகப்பனைக் கொன்றதும், தாய் ஃபரானக் பிள்ளையை ஒரு புல்வெளிக் காவலனிடம் ஒப்படைக்கிறாள். அங்கே பர்மாயே என்ற பசு, மயில் போல ஒவ்வொரு மயிரும் வேறு நிறம். மூன்று வருடம் அதன் பாலில் பிள்ளை வளர்கிறான். இந்த இரண்டு கதைகளில் நம்பத்தகுந்தது இதுதான், ஆனால் இதிலும் ஆபத்து உண்டு. 450 மில்லி பசும்பாலில் புரதம் 15 கிராம், தேவையைப்போல மூன்று மடங்கு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுச்சுமை தாய்ப்பாலில் லிட்டருக்கு 93 மில்லிஆஸ்மோல், பசும்பாலில் 308. நலமாக இருக்கும்வரை குழந்தை சமாளிக்கும். ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கோடை வெயிலோ வந்தால் தண்ணீர் போதாமல் சாயும். கேசின் புரதம் வயிற்றில் கெட்டியாகத் திரளும். குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவு ஏற்பட்டு மெல்ல இரத்தசோகை வரும். தண்ணீர் கலந்தால் புரதம் குறையும், கூடவே சக்தியும் குறையும். அதை ஈடுகட்டச் சர்க்கரை சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீர் சுத்தமில்லாமல் போனால் அதுவே கொல்லும். ஒரு வயது நிரம்பும்வரை பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஒன்று முதல் மூன்று வயது வரை என்றால் பர்மாயே நல்ல செவிலி.

பாரசீகப் பேரரசர் சைரஸுக்கு நாய் பால் கொடுத்ததாக ஒரு கதை. அவரை வளர்த்த இடையன் மனைவியின் பெயர் ஸ்பாகோ, மீடிய மொழியில் நாய். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, பிள்ளை தப்பியது தெய்வச்செயல் என்று மக்கள் நம்பட்டும் என்று பெற்றோரே நாய்க்கதையைப் பரப்பினார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். நாய்ப்பால் மிகக் கெட்டி: 100 மில்லியில் புரதம் 7 கிராமுக்கு மேல், கொழுப்பு 9 கிராம் அளவு. 220 மில்லி குடித்தாலே ஒரு நாளைய சக்தி கிடைத்துவிடும். ஆனால் அதிலுள்ள தண்ணீர் தேவையில் பாதிகூட இல்லை. வயிறு நிறைந்த குழந்தை தாகத்தில் சாகும். தாய்ப்பாலுக்கு நெருக்கமானது கழுதைப்பால். பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் 1880களில் கைவிடப்பட்ட குழந்தைகளைக் கழுதை மடியிலேயே குடிக்கவிட்டார்கள். இந்தக் கதைகளில் எந்த அரசனுக்கும் கழுதைப்பால் கிடைக்கவில்லை.

உயிர் பிழைத்தாலும் பேச்சு வருமா? மனிதரையே பாராத ஜால் சீமுர்கிடம் பேசக் கற்றான், அதன் குரலிலேயே பேசினான் என்று ஒரு விளக்கத்தை ஃபிர்தவ்சி சேர்த்திருக்கிறார். கேட்காமல் பேச்சு வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1800இல் பிரான்சின் அவேரோன் பகுதியில் காட்டிலிருந்து வந்த சுமார் 12 வயதுச் சிறுவன் விக்டருக்கு, மருத்துவர் இத்தார் ஐந்து வருடம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவன் வாயில் வந்த மிகச் சில சொற்களில் ஒன்று பால்.

வளர்ப்பவரையே தன் இனமாக நினைக்கும் சிக்கல் வேறு. அழிவின் விளிம்பிலிருந்த வூப்பிங் கிரேன் கொக்கின் 289 முட்டைகளை 1975 முதல் அமெரிக்காவின் ஐடஹோவில் சாண்ட்ஹில் கிரேன்களின் கூடுகளில் வைத்தார்கள். செவிலிகள் நன்றாகவே வளர்த்தன. வளர்ந்த பறவைகளோ தங்கள் இனத்தைத் தேடவேயில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு வூப்பிங் ஜோடிகூட அமையவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். அதன்பின் கொக்கின் தலை போன்ற கைப்பொம்மையால் குஞ்சுகளுக்கு ஊட்டும் முறை பரவலானது.

பால் இல்லாத சிக்கலை ஃபிர்தவ்சிக்கு முன்பே யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் மிக அழகான விஷயம். பழைய பாரசீகத்தின் ஜொராஸ்திரிய சமய நூலான புந்தஹிஷ்ன் பறவைகளை வகைப்படுத்தும்போது இரண்டை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறது. அவற்றுக்கு வாயில் பல் உண்டு, காம்பிலிருந்து பால் கொடுத்துக் குட்டியை வளர்க்கும். ஒன்று வௌவால். மற்றது சீமுர்க். பழைய சீமுர்கிடம் இருந்த மடியை எடுத்துவிட்டு, ஷாநாமாவில் இரத்தத்தை வைத்திருக்கிறார்கள். இரத்தத்தை மட்டுமே குடித்து வாழும் வௌவால் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. பாரசீகர் அதைக் கண்டிருக்க வழியில்லை. அந்த வௌவால் குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிறுநீர் கழித்து உபரித் தண்ணீரை இறக்கும், பிறகு சிறுநீரை மனிதரைவிடப் பல மடங்கு செறிவாக்கி யூரியாவைத் தள்ளும். அப்படிப்பட்ட சிறுநீரகம் வாய்த்த அந்த வௌவால்கூடத் தன் குட்டிக்கு எட்டு, ஒன்பது மாதம் வரை பால் கொடுக்கிறது.