டிஸ்ப்ளேயில் கீறல் இல்லை, ஆனாலும் அந்த போன் வேண்டாம்

போன மாதம் ஓர் ஆட்டோ ஓட்டுநர் கடைக்கு வந்தார். செகண்ட் ஹேண்டில் 3,000 ரூபாய்க்கு வாங்கிய ஆண்ட்ராய்டு போன். டிஸ்ப்ளேயில் ஒரு கீறல் கிடையாது, பேட்டரியும் புதிது. "பேங்க் ஆப் மட்டும் ஏற மாட்டேங்குதுண்ணே. சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடுமா?"

செட்டிங்ஸில் போனைப் பற்றிய விவரத்தைத் திறந்து அவரிடமே நீட்டினேன். ஆண்ட்ராய்டு 6, பேங்க் ஆப் கேட்கும் பதிப்பைவிடப் பழையது. கடைசி செக்யூரிட்டி அப்டேட் 2017. அதற்கு மேல் அந்த மாடலுக்குக் கம்பெனி எதுவும் கொடுக்கவில்லை. நான் எதைப் போடுவது?

என் மேஜை இழுப்பறையிலும் இப்படிச் சில போன்கள் கிடக்கின்றன, பழுதே இல்லாமல். நான் தொழில் கற்ற நாளில், போனை இயக்கும் மென்பொருளில் நோக்கியாவின் சிம்பியன்தான் ராஜா. 2007-ல் ஐபோனும் 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போனும் வந்தன. 2011 பிப்ரவரியில் நோக்கியாவே சிம்பியனை ஓரங்கட்டிவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்குத் தாவியது. நம்பிப் பின்னால் போனவர்கள் பாடு இன்னும் மோசம். நோக்கியாவின் விண்டோஸ் போனான லூமியா 900 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2012 ஏப்ரலில். அடுத்த பதிப்பான விண்டோஸ் போன் 8 அதில் ஏறாது என்ற அறிவிப்பு வந்தது அதே ஆண்டு ஜூனில்!

லூமியா கெட்டியான போன், கேமராவும் சோடை இல்லை. ஆப் இல்லாமல்தான் தோற்றது. ஆள் இல்லாத ஊரில் யார் கடை போடுவார்கள்? கடை இல்லாத ஊருக்கு ஆள் எப்படி வருவார்கள்? 2019 முடிவோடு வாட்ஸ்அப்பும் விண்டோஸ் போனைக் கைவிட்டது. பிளாக்பெர்ரி தன் சொந்த சாஃப்ட்வேரில் ஓடிய போன்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4-ல் நிறுத்தியபோது, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்கூட ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்றே அறிவித்துவிட்டது.

சரி, இப்போது ஆண்ட்ராய்டும் ஐபோனும்தானே மிச்சம், இனி என்ன பயம் என்று கேட்பீர்கள். (சீனாவில் ஹுவாவே நடத்தும் ஹார்மனி ஓஎஸ் தனிக்கதை.) ஜெயித்த ஆண்ட்ராய்டுக்குள்ளேயே பழைய மாடல்கள் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. கூகுள் புதிய பதிப்பை வெளியிட்டால் மட்டும் போதாது. சிப் செய்தவர் அதற்கேற்ற மென்பொருளைத் தர வேண்டும், போன் கம்பெனி அதைத் தன் மாடலுக்குப் பொருத்திச் சோதிக்க வேண்டும். விலை குறைந்த மாடலுக்கு அந்தச் செலவு கட்டாது, சீக்கிரமே விட்டுவிடுவார்கள். ஆப்பிளுக்கு இரண்டும் தன் கையிலேயே இருப்பதால் கொஞ்சம் நீண்ட நாள் ஓடும். ஆனால் அதற்கும் முடிவு உண்டு. ஐபோன் 6, ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 12-ஆம் பதிப்போடு நின்றுபோனது. 2025-லிருந்து வாட்ஸ்அப்புக்கு ஐஓஎஸ் 15.1 வேண்டும். 'ஐபோன் சல்லிசா கிடைக்குதுண்ணே' என்று வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

போட்டியால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. 2023-ல் கூகுள் பிக்சல் 8-க்கு 7 வருட அப்டேட் தருவதாகச் சொன்னது, அடுத்த ஆண்டே சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் அதே 7 வருடம். ஆனால் அந்தக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. இரண்டு வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் 5 வருடம்தான். பில் போடும்முன் கடைக்காரரிடம் 'இது எப்ப வந்த மாடல்? அப்டேட் எதுவரைக்கும்?' என்று கேளுங்கள். பழைய போன் என்றால் பணம் கொடுக்கும்முன் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள், உங்கள் பேங்க் ஆப்பை அங்கேயே ஏற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆட்டோக்காரர் வேறு போன் வாங்கிவிட்டார். பழையது வண்டியில் பாட்டுக்கு ஓடுகிறது. சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறதாம்.