ஏழு மாதக் குட்டியைக் கடிக்கப் பழக்காதீர்கள்

தீபாவளி முடிந்த வாரத்தில், நாய்ப் பயிற்சி கொடுக்கும் எனக்கு வரும் போன்களில் பல ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, நாய் கடிச்சிருச்சு." இந்த முறை கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீடு. ரோட்வைலர், ஆண், ஏழு மாதம். கடிபட்டது விருந்துக்கு வந்த அக்காள் மகன். ஹாலில் விளையாடிக்கொண்டு ஓடிய பையனைப் பின்தொடையில் கவ்வியிருக்கிறது. தையல் போடும் அளவுக்குக் காயம்.

விசாரித்தால், அந்தக் குட்டிக்கு நாலாவது மாதத்திலிருந்தே "காவல் பயிற்சி" நடந்திருக்கிறது. ஒருவர் வீட்டுக்கு வந்து, குட்டியைக் கேட்டில் கட்டிவிட்டு, கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, குச்சியால் தரையில் தட்டித் தட்டி அதை வெறியேற்றுவாராம். சாக்கைக் கவ்வி உதறினால் குடும்பமே கைதட்டுமாம். வீடியோ எடுத்து வாட்சாப்பில் போட்டிருக்கிறார்கள், என்னிடமும் காட்டினார்கள். கவ்வியதை விடவும் நாயை யாராவது பழக்கினார்களா என்று கேட்டேன். "அது அப்புறமா சொல்லித் தர்றேன்னு சொன்னாருண்ணே" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்தக் குட்டிக்குத் திருடன் யார் என்று தெரியாது. எதிரில் ஏதாவது வேகமாக அசைந்தால் கவ்வ வேண்டும், கவ்வினால் வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள் என்பதைத்தான் மாதக்கணக்கில் காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பையன் ஓடினான், குட்டி கவ்வியது. இதற்கு அந்தக் குட்டியைப் போய்ப் "பைத்தியம் பிடிச்ச நாய்" என்கிறார்கள்.

கோலாலம்பூரில் பெரிய இன நாய் வாங்கும் நம் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறிக் கிடக்கிறது. யாரிடமும் பழக விடாமல் வளர்த்தால்தான் நாய் காவல் காக்கும் என்பது. "நாங்க யாரையும் தொட விட மாட்டோம், சாப்பாடுகூட நான் மட்டும்தான் வைப்பேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பகலெல்லாம் கூண்டு, ராத்திரி மட்டும் அவிழ்த்து விடுவது. பச்சை மாமிசம் போட்டால் ரோஷம் வரும், மிளகாய் கலந்து வைத்தால் கோபம் வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மிளகாயால் வருவது வயிற்றுப்போக்கு, வேறொன்றும் இல்லை.

பழக விடாத விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்க்கும் கடிகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன. குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம் வரை ஒரு முக்கியமான காலம். அந்த நாள்களில் பார்த்ததும் கேட்டதும் முகர்ந்ததும் அதற்கு வாழ்நாள் முழுக்கச் சாதாரண விஷயங்கள். அந்தக் காலத்தில் சந்திக்காதவை எல்லாம் பிறகு சந்தேகத்துக்கு உரியவை. கேட்டுக்குப் பின்னாலேயே வளர்ந்த குட்டிக்கு ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், குடை, சக்கர நாற்காலி, தூடோங் (தலைமுக்காடு) அணிந்த அம்மா, தவழும் குழந்தை எல்லாமே ஆபத்துதான். பயத்தில் குரைக்கிறது. தபால்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டு எப்படியும் போகத்தான் போகிறார், ஆனால் நாய்க்குத் தான் குரைத்ததால்தான் அவர் போனார் என்று தோன்றுகிறது. அடுத்த நாள் இன்னும் உரக்கக் குரைக்கிறது. வீட்டுக்காரர் வீரம் என்று நினைக்கிறார்.

எனக்குத் தெரிவது வேறு. உடல் எடை பின்னங்காலில் இருக்கும். இரண்டடி முன்னே வந்து மூன்றடி பின்னே போகும். கண்ணின் வெள்ளை தெரியும். பிடரியிலிருந்து வால் வரை முடி சிலிர்த்து நிற்கும். இப்படிப்பட்ட நாய் முன்னால் வந்து தாக்காது, ஆள் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து கடிக்கும். அதனால்தான் காயங்கள் பெரும்பாலும் குதிகாலிலும் தொடையிலும் இருக்கின்றன. கடிபடுவது யார்? திரும்பி நடக்கும் விருந்தாளி, ஓடும் குழந்தை, கேஸ் தோம்பு (சிலிண்டர்) இறக்க வந்தவர். பாராங் கத்தியோடு வந்து பின்வாங்காமல் நிற்கிற திருடன் முன்னால் இதே நாய் காடிக்கு (காருக்கு) அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஒருவர் காட்டிய சிசிடிவி பதிவில் அப்படியேதான் நடந்தது. அவர் நாயைக் கோழை என்று திட்டினார். அந்த நாய் குட்டியிலிருந்தே பயந்துகொண்டுதான் இருந்தது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

நல்ல காவல் நாய் மனிதர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த நாய். தினமும் நூறு பேர் கேட்டைக் கடந்து போவதைப் படுத்துக்கொண்டே பார்க்கும். அதனால்தான் விடியற்காலை மூன்று மணிக்குச் சுவரேறுகிறவன் வழக்கத்துக்கு மாறானவன் என்று அதற்கு உடனே தெரிகிறது. எப்போதும் எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற நாய் அன்றைக்குக் குரைத்தால் நீங்கள் எழுந்துபோய்ப் பார்ப்பீர்களா?

பழக்குவது என்றால் எல்லோர் கையிலும் கொடுத்துத் தடவச் சொல்வது என்று அர்த்தமில்லை. நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருக்கும். நாயின் மூக்கோ எச்சிலோ படுவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, அவர்களுக்கு வழிவிட்டு நிற்பது நம் கடமை. குட்டிக்கும் அதுதான் சரியான பாடம். பத்து மீட்டர் தள்ளி உட்கார வைத்து, ஆள்கள் போகும்போது வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள், போதும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாதீர்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காடியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் குட்டி பாதி உலகத்தைப் பார்த்துவிடும்.

அப்புறம், ஏழு மாதம் என்ற அந்த வயது. ஆறு மாதத்துக்கும் 14 மாதத்துக்கும் நடுவில் பெரிய இனங்களுக்கு இரண்டாவது முறையாக ஒரு பயக்காலம் வரும். நேற்று வரை கண்டுகொள்ளாத குப்பைத்தொட்டியைப் பார்த்து இன்று உறுமும். அந்த நேரத்தில் மிரட்டினால் அந்த மிரட்சி தங்கிவிடும். சாக்குக்காரரை நீங்கள் வரவழைப்பது சரியாக அந்த நேரத்தில்தான். பல் விஷயமும் இருக்கிறது. நான்கிலிருந்து ஏழு மாதத்துக்குள் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறது. ஈறு புண்ணாக இருக்கும்போது சாக்கை இழுத்தால் வலிக்கும், வலியும் ஆளும் அதன் மூளையில் ஒன்றாகப் பதியும். வளர்ந்த ஆண் ரோட்வைலர் ஏறக்குறைய 50 கிலோ வரும். அவ்வளவு எடையைத் தாங்கப் போகிற எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஒன்றரை வயதாகிவிடும். அதற்குள் குதிக்க வைக்காதீர்கள்.

கடிப்பயிற்சியைத் தொழிலாகவே செய்பவர்களைப் பாருங்கள். ஜெர்மனியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களைச் சோதிக்க உருவானது ஷுட்ஸ்ஹுண்ட் என்ற போட்டி. 2019 முதல் அதன் பெயர் ஐஜிபி. மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என்று மூன்று பகுதிகள். முதல் நிலைப் போட்டியில் இறங்கவே நாய்க்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் பிஎச் என்ற தேர்வில் தேற வேண்டும், அதற்கே 15 மாதம். அந்தத் தேர்வில் கடி என்பதே கிடையாது. கயிறில்லாமல் கூடவே நடப்பது, கூப்பிட்டால் வருவது, தெருவில் சைக்கிள்காரரும் ஓடுகிறவரும் கூட்டமும் கடக்கும்போது அமைதியாக இருப்பது, அவ்வளவுதான். காவல் பகுதியில் கவ்வியதை விடச் சொல்லி ஒருமுறை கட்டளை கொடுத்து, இன்னும் இரண்டு முறை சொல்லியும் நாய் விடவில்லை என்றால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். எவ்வளவு அழகாகக் கடித்திருந்தாலும் சரி. உங்கள் வீட்டு முன்வாசலில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறதே, கொஞ்சம் யோசியுங்கள்.

கட்டளைக்குக் காவல் காக்கும் நாய் வேண்டும் என்றால் இளம் வயதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குடும்பத்துக்குக் கடி தேவையே இல்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னதும் குரைக்கிற, இன்னொரு சொல் சொன்னதும் நிறுத்துகிற, மூன்றாவது சொல்லுக்கு உங்கள் பின்னால் போய் நிற்கிற பெரிய நாய் போதும். 40 கிலோ நாய் உங்கள் பக்கத்தில் நின்று நெஞ்சிலிருந்து குரைத்தால் அந்த இடத்தில் வேறு யாரும் நிற்க மாட்டார்கள்.

குரைக்கப் பழக்குவது எளிது. கோழித்துண்டைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். குட்டி நக்கும், காலால் தட்டும், உட்காரும், சலித்துப்போய் ஒரு குரல் கொடுக்கும். அந்த நொடியில் கையைத் திறங்கள். சில நாளில் கையைக் கண்டதுமே குரைக்கும், அதற்குப் பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். குரைக்கக் கற்ற அதே வாரத்தில் நிறுத்தவும் பழக்குங்கள், தள்ளிப் போடாதீர்கள். குரைத்துக்கொண்டிருக்கும்போது துண்டை மூக்கருகே கொண்டுபோனால் முகர்வதற்காக வாயை மூடும். "போதும்" என்று சொல்லி, இரண்டு நொடி அமைதிக்கு ஒரு துண்டு. பிறகு ஐந்து நொடி, பத்து நொடி. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு தடவையில் செய்யாதீர்கள். நம் வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்னாலோ பொழுது சாய்ந்த பிறகோ செய்யுங்கள். "போதும்" என்றால் பத்துக்குப் பத்து முறை நிறுத்துகிற நாயைத்தான் கேட்டருகே கொண்டுபோக வேண்டும்.

சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பலர் "பிடி" என்று பழக்குகிறார்கள். நம் வீட்டில் பையைப் பிடி, தம்பியைப் பிடி என்று அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது! அதேபோல் அப்பா "சிட்" என்றும் பாட்டி "உட்காரு" என்றும் பணிப்பெண் மலாயில் "டுடோக்" என்றும் சொன்னால் நாய் யார் சொல்வதைக் கேட்கும்? ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

விடப் பழக்குவதும் இளம் வயது வேலைதான். கயிற்றுப் பொம்மையை இழுத்து விளையாடும்போது உங்கள் கையை அசையாமல் வைத்து "விடு" என்று சொல்லுங்கள், விட்டதும் அதே பொம்மையைத் திரும்பக் கொடுங்கள். விட்டால் விளையாட்டு தொடரும் என்று அதற்குத் தெரிய வேண்டும். வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த முறை இன்னும் இறுக்கிக் கவ்வும்.

ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல் உண்மையிலேயே கடிப்பயிற்சி வேண்டும் என்று நினைத்தால், பயிற்றுநரிடம் அவர் பழக்கிய நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். ஒரே சொல்லில் விடுகிறதா, விட்ட அடுத்த நிமிடம் ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் அமைதியாக நடக்கிறதா, இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நாயை இரண்டு மாதம் விட்டுவிட்டுப் போங்கள், தயார் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். அது அவர் பேச்சைத்தான் கேட்கும். ஏழு மாதக் குட்டிக்குச் சரி என்று ஒப்புக்கொள்கிறவரிடம் அதற்கு மேல் பேசவே வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரோட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் கால்நடைச் சேவைத் துறையின் கட்டுப்படுத்தப்பட்ட இனப் பட்டியலில் இருப்பவை. மாநகர் மன்ற உரிமத்துக்கு என்ன நிபந்தனைகள் என்று குட்டி வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் குற்றவியல் சட்டத்தின் 289ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குச்சியும் சாக்கும் வைத்து நாயைத் துன்புறுத்துகிறவர்களுக்கு 2015 விலங்கு நலச் சட்டம் இருக்கிறது: 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஏற்கெனவே கடித்துவிட்ட நாய் வைத்திருப்பவர்களுக்கு. தயவுசெய்து மறைக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 2015இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிஸிலும் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வந்தது நினைவிருக்கட்டும், "வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டு வலி, காதுப் புண் இருக்கிற நாய் தொட்டாலே கடிக்கும், அதற்குப் பயிற்சி மருந்தாகாது. விருந்தாளி வரும் நாளில் நாய் ஓர் அறைக்குள் இருக்கட்டும், சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். கட்டிப்போடாதீர்கள், கட்டிய நாய் இன்னும் சீறும். வாய்க்கூடு வாங்கும்போது கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள், நாய் அதற்குள் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் ஊர் வெப்பத்துக்கு ஆகாது, கிளினிக்கில் ஊசி போடும் இரண்டு நிமிடத்துக்கு மட்டும்தான் அது. கூடைக்குள் கோழித்துண்டைப் போட்டு நாய் தானாக மூக்கை நுழைக்கட்டும். வாரை மாட்டுவதற்கு ஒரு வாரம் பொறுங்கள்.