எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையா? அப்போதும் ஓடாதீர்கள்

காவலர் எழுத்துத் தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் பிசியோதெரபி அறைக்கு ஒரே மாதிரியான கால்கள் வர ஆரம்பிக்கும். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பில் வலி. அடுத்து வரும் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர்கள், தேய்ந்த ஷூவோடு தார்ச் சாலையில் தினமும் இரண்டு வேளை ஓடுகிறார்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும்.

எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் நீளவாக்கில் வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், அதாவது அதிக ஓட்டத்தால் எலும்பின் விளிம்பில் வரும் வலி; கீறல் அல்ல. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், ஓட ஓட ஏறினால், ராத்திரி படுத்தாலும் விண்விண்ணென்று தெறித்தால், எலும்பில் கீறல் விட்டிருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒற்றைக்காலில் குதித்துச் சோதித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு சார், நார்மல்." இந்த வரியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மயிரிழைக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு தன்னைத் தானே ஒட்டவைக்கப் புது எலும்பு போட்ட பிறகுதான் அந்த இடம் தடித்துத் தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது. ஆரம்பத்திலேயே காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதற்கு வசதியில்லையென்றால், கீறல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஓய்வெடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். நார்மல் ரிப்போர்ட்டை நம்பி ஓடினால், கீறல் முழு முறிவாகலாம்.

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு எலும்பின் மேலேயே அழுத்தி வழிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம். நிறுத்தச் சொல்லும் ஒரே எச்சரிக்கையையும் அது அமுக்கிவிடுகிறது.

ஷின் ஸ்பிளின்டுக்குச் சில வாரம் ஓட்டத்தைக் குறைத்து, வலி இருந்தால் துணி சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்தால் போதும். உள்விளிம்புக் கீறலுக்கு 6 முதல் 8 வாரம் ஓட்டமே கூடாது. நடந்தாலே வலித்தால் ஊன்றுகோல். எலும்பின் முன்முகட்டில் கீறல் என்றால் எலும்பு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அது ஆற மாதக்கணக்கில் ஆகும், சிலருக்குக் கம்பி வைக்க நேரும்.

வலியில்லாமல் 30 நிமிடம் வேகமாக நடக்க முடிந்த பிறகே மறுபடி ஓட்டம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். கூடவே, படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, 3 சுற்று. பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். கெண்டைக்கால் சதை வலுவானால்தான் எலும்பின் மேல் சுமை குறையும். எட்டி எட்டிக் கால் வைக்காமல், சின்ன அடிகளாக ஓடுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்து ஓடி, மாதவிடாய் நின்றுபோனால் எலும்பும் பலம் இழக்கும். கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. வயிறாரச் சாப்பிட வேண்டும், மகளிர் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி தரும் அண்ணன்களே, நொண்டும் பிள்ளையை "பழகிடும்" என்று ஓடவிடாதீர்கள். வலிக்காதவரை சைக்கிளிலோ நீச்சலிலோ விடுங்கள். தேர்வு நாள்வரை மூச்சைத் தக்கவைக்க அது உதவும்.