ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர்: சொல்லும் பொருளும்

கோவை காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைல போயி "ஏனுங்க, டிவிக்குப் போடற ப்ளூடூத் இருக்குதுங்களா"ன்னு மொட்டையா கேட்டா பல தடவ டிரான்ஸ்மிட்டருக்குப் பதிலா ரிசீவர் தான் கைக்கு வருது, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி சின்ன கறுப்பு டப்பா, ஒரே மாதிரி 3.5 மிமீ பின்னு. ஆனா செய்யற வேலை நேரெதிர், அது பேருலயே இருக்குது.

டிரான்ஸ்மிட்ங்கறது லத்தீன்ல இருந்து வந்தது. டிரான்ஸ்னா அக்கட்டால, மிட்டெரேன்னா அனுப்பறது. டிவில வர்ற சத்தத்த வாங்கி அக்கட்டால இருக்கற ஹெட்செட்டுக்குக் கம்பியில்லாம அனுப்பறது டிரான்ஸ்மிட்டர். போன்ல ஓடற பாட்ட வாங்கி பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் குடுக்கறது ரிசீவர். டப்பா மேல டிஎக்ஸ்னு இருந்தா அனுப்பறது, ஆர்எக்ஸ்னு இருந்தா வாங்கறது, ரெண்டுக்கும் சுவிட்ச் வெச்சதும் வருதுங்க.

ப்ளூடூத்ங்கறது ஒரு ராசாவோட பட்டப்பேரு. 10ஆம் நூற்றாண்டுல டென்மார்க்க ஆண்ட ஹரால்டுக்கு நீலப்பல்லுன்னு ஒரு பேரு, பிரிஞ்சு கெடந்த சனத்த ஒண்ணாச் சேத்தவரு. 1990கள்ல இன்டெல்ல இருந்த ஜிம் கார்டாக், போனையும் கம்ப்யூட்டரையும் சேக்கற இந்த நுட்பத்துக்கு அந்தப் பேரச் சொன்னாரு. 1998ல எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா சேந்து குழு ஆரம்பிச்சப்பவும் அதே பேரு நின்னுருச்சு. ப்ளூடூத் சின்னம் கூட அந்த ஹரால்டு ராசா பேரோட ரெண்டு ரூன் எழுத்தச் (வட ஐரோப்பாவோட பழைய எழுத்து) சேத்தது தான்.

தமிழ்ல என்ன சொல்றது? ப்ளூடூத்துக்கு ஊடலைன்னு ஒரு சொல் சுத்துது, நல்ல சொல்லு தான், ஆனா ஆளோட பேர அப்படியே விட்டுடலாம்னு எனக்குத் தோணுது. டிரான்ஸ்மிட்டருக்கு ஒலிபரப்பின்னு சொன்னா ரேடியோ ஸ்டேஷன் நெனப்பு வருது, இது ஊருக்கே பரப்பறதில்ல, ஜோடி சேந்த ஹெட்செட்டுக்கு மட்டும் அனுப்பறது. அதனால ஒலி அனுப்பி. ரிசீவர ஒலிவாங்கின்னும் சொல்ல முடியாது, அது மைக்குக்கு ஏற்கனவே இருக்கற பேரு, அதனால ஒலி ஏற்பி. ப்ளூடூத் ஒலி அனுப்பின்னு கேட்டுப் பாருங்க, கடைக்காரருக்கே எது வேணும்னு புரிஞ்சுரும்.

சோமனூர் பக்கம் தறி ஓடற வீட்ல காது மந்தமான அப்பாருக்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாசைன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், தறிச் சத்தத்துக்கு மேல டிவியக் கத்த விடாம ஹெட்செட்ட மாட்டிட்டு அவரு பாட்டுக்கு நியூஸ் கேப்பாரு. மாட்டறப்ப டிவில அவுட்னு போட்ட ஓட்டைலயே செருகோணும், செவப்பு வெள்ளை ஓட்டை எல்லாமே அவுட் கெடையாது, பலதுல அது இன் தான், அதுல போட்டா சத்தமே வராதுங்க. ஹெட்போன் ஓட்டைல செருகுனா பல டிவில ஸ்பீக்கர் கட்டாயிரும், மத்தவங்களும் கேக்கோணும்னா ஆடியோ அவுட்டோ ஆப்டிகலோ (சத்தத்த ஒளியா அனுப்பற ஓட்டை) பாருங்க, ஆப்டிகல்னா டிவி செட்டிங்ஸ்ல சத்தத்த பிசிஎம்னு, அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலின்னு மாத்தோணும்.

வாயசைவுக்கும் சத்தத்துக்கும் ஒட்டலீன்னா, அது சத்தத்தச் சுருக்கி அனுப்பிப் பொறவு விரிக்கறதுல ஆகற தாமதம். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சிங்கற, தாமதத்தக் கொறைக்கற சுருக்கு முறைல இது 40 மில்லிசெகண்ட் அளவுக்கு வந்துரும், ஆனா அனுப்பி, ஹெட்செட் ரெண்டுலயும் அது இருக்கோணும், ஒண்ணுல மட்டும் இருந்தா பிரயோசனமில்லீங்க.